சொல்லிக்கொண்டு போவது

லூலியோவில் டிசம்பர்.
மதியம் இரண்டுக்கே விளக்குப் போட்டாயிற்று.
சோதனைக்கூடத்தின் இரும்புக் கதவடியில்
பனி ஒரு விரற்கடை உள்ளே வந்து படுத்திருக்கிறது.

இயந்திரத்தின் தாடைகளுக்கு நடுவே
உள்ளங்காலோடு உள்ளங்கால் ஒட்டி
இரண்டு எஃகுத் துண்டுகள்.
பிணைத்திருப்பவை இரண்டு போல்ட்டுகள்,
கட்டைவிரல் தடிமன்.

என் தாளில் இரண்டு எண்கள்.
முந்நூற்றுப் பத்து கிலோநியூட்டனில் தோற்கும்.
தோற்குமுன் இருபத்திரண்டு மில்லிமீட்டர்
பிளந்து கொடுக்கும்.
இரண்டையும் பேனாவில் எழுதியிருந்தேன்.
முதலாவது வலிமை.
இரண்டாவதற்கு எங்கள் துறையில் நீண்ட பெயர் உண்டு;
எனக்கு அது
சொல்லிக்கொண்டு போகிற குணம்.

ஆற்றுக்கு அக்கரையில் வரப்போகும்
பனிச்சறுக்கு அரங்கின் கூரை மூட்டு இது.
மார்ச் மாத ஈரப்பனி மேலே ஏறி உட்கார்ந்தால்
உத்தரம் முனக வேண்டும், தகடு வளைய வேண்டும்,
பெயின்ட் பொரிந்து யார் தோளிலாவது உதிர வேண்டும்,
அவர் நிமிர்ந்து பார்க்க வேண்டும்.
சறுக்குக் கத்தி மாட்டிய எட்டு வயதுக் கால்கள்
வாசலை எட்ட எத்தனை வினாடி?
தரநூலில் அந்த வரி கிடையாது.

ஹில்லெவி ரவுத்தியோ விசையைத் திருகினாள்.
பந்தயம் கட்டாமல் அவள் எதையும் இழுப்பதில்லை.
காகிதக் கோப்பையில் அவள் கிறுக்கியது: இருபத்தாறு.

நூறு.
இருநூறு.
நடுவில் கண்ணிமைபோல் ஒரு கீற்று திறந்தது.
ஓரங்கள் ஒன்றையொன்று நெம்பின;
அந்த நெம்பலும் போல்ட்டின் தலையில்தான் விழும்.
முந்நூறு.
முந்நூற்றுப் பதினெட்டு.
பார், நெருங்கிவிட்டேன் என்று நான் வாய் திறப்பதற்குள்
சொல்லாமல் கொள்ளாமல்
போய்விட்டது.

வெடி வெடித்த சத்தம்.
பாதி போல்ட்டு தடுப்புக் கண்ணாடியில் மோதி
தரையில் உருண்டு, வடிகால் கம்பியில் நின்றது.
ஒன்பது மில்லிமீட்டர்.

"வலிமை சரி" என்றாள் ஹில்லெவி,
கண்ணாடியில் விழுந்த கீறலைத் தடவியபடி.

ஆமாம். சொன்ன எடையில்
சொன்னபடி செத்திருக்கிறது.

மாலையா இரவா என்று தெரியாத அந்த இருட்டில்
உடைந்ததையும் உடையாததையும் மேசையில் பரப்பி
மரைகளை நகத்தால் எண்ணினோம்.
முதல் பெட்டி தீர்ந்துபோய்
அவள் வேறு பெட்டியைத் திறந்திருக்கிறாள்.
அதே தரம், அதே முத்திரை, அதே நீளம்.
ஆனால் நட்டுக்கும் மொழுக்கைத் தண்டுக்கும் இடையே
திறந்து கிடந்த மரை ஒன்றே ஒன்று.
நீளுவதெல்லாம் அந்த ஓர் இடுக்கில் நீள வேண்டும்.
விட்டுக்கொடுக்க மனம் இருந்தது.
இடம் இல்லை.

என் சமன்பாட்டில் விட்டம் இருந்தது,
தகட்டின் தடிமன், பற்றவைப்பின் கழுத்து,
துளையிலிருந்து விளிம்புக்கு உள்ள தூரம்.
என்னென்னவோ இருந்தது.
அந்த ஒரு மரை எங்கும் இல்லை.

வியாழக்கிழமை மறுபடி இழுத்தோம்,
ஆறு மரை திறந்து வைத்து.
முந்நூற்றுப் பதினாறு. கிட்டத்தட்ட அதே எண்.
ஆனால் இந்த முறை அது போகவில்லை.
முனகியது.
போல்ட்டின் கழுத்து மெலிந்தது.
தகடு கிண்ணம்போல் குழிந்து
இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று
இருபத்துநான்கு வரை போனது.
ஹில்லெவி கைக்கடிகாரத்தைப் பார்த்து
நாற்பத்தொரு வினாடி என்றாள்.
அது எங்கள் இயந்திரத்தின் வினாடி, கூரையுடையது அல்ல.
அவளுக்கும் அது தெரியும்.
இருந்தாலும் சொன்னாள்.

இருவருக்கும் இரண்டு இரண்டு பிசகு.
காப்பிக் காசை யாரும் கொடுக்கவில்லை.

அறிக்கையில்
முந்நூற்றுப் பத்தைப் பேனாவில் விட்டேன்.
இருபத்திரண்டை அழித்துப்
பென்சிலில் மறுபடி எழுதினேன்.
பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம்:
திறந்த மரைகள் எத்தனை?
அதன் கீழே இன்னொன்று:
எண்ணியவர் யார்?